பதினோராவது கட்டத்தில் ஒன்பது கோடு

எங்கள் ஆபீஸில் யாரும் எந்தத் தொடரையும் முழுசாகப் பார்ப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பார்க்கக் கூடாது என்பது விதி.

டிவியிலும் போனிலும் ஓடுகிற தொடர்களை எந்த வயதுக்காரர்கள் பார்க்கலாம் என்று எண் போடுவதுதான் எங்கள் வேலை. ஏழு, பதின்மூன்று, பதினாறு, பதினெட்டு. ஒரு தொடருக்கு இரண்டு பேர். ஒருவர் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். அவர் பெயர் கண். இன்னொருவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹெட்போனில் சத்தத்தை மட்டும் கேட்பார். அவர் பெயர் காது. படமும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆள் கதைக்குள் விழுந்துவிடுவான், விழுந்தவன் ஒழுங்காக எண்ண மாட்டான் என்பது இந்த ஏற்பாட்டைச் செய்தவரின் கருத்து. அவர் எந்தத் தொடரையும் பார்த்தவர் இல்லை என்று கேள்வி.

நான் கண். கல்லூரியில் கடைசி வருடம். காலையில் வகுப்பு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கண். கையில் பதினான்கு கட்டம் போட்ட தாள் இருக்கும். ரத்தம் தெரிந்தால் மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு. சிகரெட்டுக்கு ஐந்தாவது கட்டம். முத்தத்துக்கு ஆறாவது, மூன்று விநாடியைத் தாண்டினால் இரண்டு கோடு. விநாடி எண்ணி எண்ணி எனக்கு முத்தத்தில் இருந்த ஆர்வமே போய்விட்டது. ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் ஓய்வு பெற்றவனைப் போல ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கண்ணும் காதும் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து தாள்களைச் சேர்ப்போம். இரண்டில் எது பெரிய வயதோ அதுதான் தொடரின் வயது.

வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர். "மேல போறது எனக்கு என்ன புதுசா?" என்று நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் கேட்பார். வந்தவர்கள் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள். டாக்டர் அம்மாவையும் என்னையும் தனியே கூப்பிட்டு, இரண்டு மாதம் என்றார். அதற்கு மேல் ஒரு வாரம் கிடைத்தால் அது உங்கள் கவனிப்பைப் பொறுத்தது என்றும் சொன்னார், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற குரலில். அப்பாவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாதவள் தங்கை மட்டும்தான். வயது பதினைந்து. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாதே, பரீட்சை முடியட்டும்," என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் எது நடப்பதாக இருந்தாலும் பரீட்சை முடிந்துதான் நடக்க வேண்டும்.

அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. இருபது வருடமாக டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைப் படித்துக் கொடுத்து, ஒருவரையும் சாகடிக்காமல் காலம் தள்ளியவள். தயிர் வாங்கினாலும் முதலில் தேதியைப் பார்ப்பாள். மனிதர்கள் சொல்வதை நம்ப மாட்டாள், லேபிளை நம்புவாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது விசாரணை தொடங்கிவிட்டிருந்தது. அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். தங்கை கட்டிலின் கால்மாட்டில். அம்மா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் டிவிக்கு முன்னால் நின்றாள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கிறாள். வந்தவள் காதில் அப்பாவின் சிரிப்பு விழுந்திருக்கிறது, சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் தொடங்கி அது நிற்காமல் போயிருக்கிறது.

"உலகமே அழிஞ்சு போச்சாம்டா. எங்க பாத்தாலும் எலும்புக்கூடு. அதுக்கு நடுவுல ரெண்டு பிள்ளைங்க ஒரு பெரியவரைக் கயித்தால கட்டி உருட்டி விடுதுங்க. இவங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க!"

"அம்மா, அது காமெடிம்மா," என்றாள் தங்கை.

"எலும்புக்கூடு காமெடியா?"

"அது நல்ல எலும்புக்கூடும்மா. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்க. பேசினா இருமல் வரும்."

தொடரின் பெயர் 'மிச்சம் நாலு பேர்'. கார்ட்டூன். உலகம் முடிந்து பதினொரு வருடம் ஆனபிறகு மிஞ்சியிருக்கும் நான்கு பேரின் கதை. நடக்க முடியாத ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகள், தன்னையும் மனிதன் என்றே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு குப்பைத்தொட்டி. மொத்தம் பத்து எபிசோட். தினமும் ஐந்து மணி மாத்திரைக்குப் பிறகு இவர்கள் பாதி எபிசோட் பார்ப்பார்கள். அதற்கு மேல் அப்பாவால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. அப்போது ஏழு எபிசோட் முடிந்திருந்தது. பிடித்த இடங்களை மறுபடி ஓட்டியும் பார்ப்பார்களாம். அம்மா வந்தபோது ஓடியது அப்படி ஓர் இடம்தான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதானே வயசு போடறவன்? இதுக்கு எத்தனை?"

"இன்னும் போடலைம்மா. வரிசையில இருக்கு."

"போட்டுட்டு வந்து சொல்லு. நீ என்ன நம்பர் சொல்றியோ அதான். அதுவரைக்கும் இந்த டிவி ஓடாது."

மறுநாள் நான் கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். அவள் யாரையும் வழியனுப்புகிற பிறவி இல்லை.

"டேய் அண்ணா, பதின்மூணு போட்டுடுடா. ஒரு மாசம் உன் சட்டையெல்லாம் நான் அயர்ன் பண்றேன்."

"லஞ்சமா?"

"அன்பளிப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா வேற எதுக்குமே சிரிக்கிறதில்லடா. உன் ஜோக்குக்குக்கூட சிரிக்கிறதில்ல."

"என் ஜோக்குக்கு அவர் எப்பவுமே சிரிச்சதில்லையே."

"அதைத்தான் சொல்றேன். அது அவ்வளவு நல்ல சீரியல்."

வரிசையில் முப்பத்தேழாவதாக இருந்த கோப்பை உருவி மேலே வைத்தேன். பதின்மூன்றுதான் வரப்போகிறது, வீட்டில் கொண்டுபோய்ச் சொன்னால் வெள்ளிக்கிழமை மாலையே எட்டாவது எபிசோட் ஓடும் என்பது என் கணக்கு. சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ரத்தம் இல்லை. சிகரெட் இல்லை. முத்தம் ஒன்று, குப்பைத்தொட்டி ஒரு தபால்பெட்டிக்குக் கொடுத்தது, ஒரு விநாடி. பிழைத்தோம் என்று நினைத்தேன். ஐந்தாவது எபிசோடில் பிள்ளைகள் இருவரும் அந்தப் பெரியவரைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடிந்துபோன மேம்பாலத்தின் உச்சியிலிருந்து கீழே தள்ளினார்கள். பெரியவரின் வாய் குகைபோலத் திறந்திருந்தது. கண்கள் வெளியே பிதுங்கின. கீழே போய்க் குப்புற விழுந்தார். பிள்ளைகள் ஓடிப்போய் அவரைத் தூக்கி, மேலே இழுத்து வந்து, திரும்பவும் கட்டி, திரும்பவும் தள்ளினார்கள். ஒன்பது தடவை.

பதினோராவது கட்டம்: நோயாளிகள், முதியோர், இயலாதோர் மீது கொடுமை. மூன்று கோடு விழுந்தால் பதினாறு. நான் ஒன்பது போட்டேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு முறை எண்ணினேன். ஒன்பதுதான்.

இந்தத் தொடருக்குக் காதாக இருந்தவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆபீஸில் எல்லோரும் காது அக்கா என்போம். வீட்டு நிலவரம் முழுவதும் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மேனேஜர் மேசையில் என் தாளைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே பாய்ந்தார்.

"டேய் கண்ணு, என்னடா இது? அவரைக் கொடுமை எல்லாம் படுத்தலை. 'தள்ளுங்கடா, தள்ளுங்கடா'ன்னு அவரேதான் கத்துறாரு."

மேனேஜர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விதியைப் புரட்டும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பக்தி வரும். "காது சொல்லிக் கண்ணைத் திருத்த முடியாதும்மா. கண்ணே முன்வந்து தன் கோட்டை அடிச்சு நீக்கி, பக்கத்துல கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. என்னப்பா, அடிக்கிறியா?"

பேனா என் கையில்தான் இருந்தது. காது அக்கா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அடிச்சுடுடா. வீட்டுக்காகவாவது அடிச்சுடு."

அந்த ஒரு வார்த்தை வராமல் இருந்திருந்தால் அடித்திருப்பேன். வீட்டுக்காக. சொந்தக்காரனுக்காக விதியை வளைக்கிறவர்களைக் கல்லூரிச் சுவரேட்டில் மூன்று வருடமாக நக்கலடித்துப் பெயர் வாங்கியவன் நான். போன மாதம்தான், மச்சான் மகனுக்கு மார்க்கைக் கூட்டிப் போட்ட பேராசிரியரை இரண்டு பக்கத்துக்குக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். இப்போது என் தங்கைக்காக நானே கோட்டை அடித்து நீக்குவதா?

"நான் பாத்ததைத்தான் போட்டிருக்கேன் சார். ஒன்பது ஒன்பதுதான்."

மேனேஜருக்கு மெய்சிலிர்த்தது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!" என்று பதினாறு முத்திரையைக் குத்தினார். காது அக்கா ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாழ்க்கையில் நான் நேர்மையாக நடந்துகொண்ட முதல் நாள் அது. பழக்கம் இல்லாததால் எங்கே காட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டில் நான் எண்ணைச் சொன்னபோது மூவரும் அப்பா அறையில்தான் இருந்தார்கள்.

"பதினாறு."

தங்கை என்னையே பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "எனக்கு இன்னும் நாலு மாசத்துல பதினாறும்மா. நாலே மாசம்."

"அப்ப நாலு மாசம் கழிச்சுப் பாரு," என்றாள் அம்மா, வாய்க்கு வந்த வேகத்தில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் வேறு ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்பதுபோல. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அறையில் இருந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு அந்த நாலு மாதத்தின் நீளம் தெரியும்.

அப்பாதான் வாயைத் திறந்தார். "நாலு மாசம்தானே வாலு. அந்தக் குப்பைத்தொட்டி எங்க ஓடிப்போகப் போகுது? சேர்ந்தே பாப்போம்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

டிவியில் வயதுப் பூட்டை நான்தான் போட்டேன். வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன் என்று அம்மாவின் நினைப்பு. தங்கை நினைத்தால் அரை நிமிடத்தில் உடைத்திருப்பாள், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். பாதி முகத்தில் நுரையோடு கேட்டார்: "ஆபீசர், சத்தம் வச்சுப் பாத்தியா?"

"எங்களுக்கு அது கிடையாதுப்பா. படம் மட்டும்தான்."

"மோட்டார் சத்தம் கேக்காம லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணினா என்ன ஆகும் தெரியுமா?"

"ஆள் செத்துடுவான்."

"ஒருத்தன் இல்லடா. எட்டுப் பேர். போர்டுல எழுதியே போட்டிருப்பான்."

ரேசரை அலசிக்கொண்டே சொன்னேன்: "நான் வேணும்னா அம்மாகிட்ட பேசறேன்பா. நம்பரை விடும்மான்னு..."

"பேசாதே." அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலமே இல்லை. "என் உடம்பு அவ பேச்சைக் கேக்குதா? மருந்து கேக்குதா? இந்த வீட்டுல அவ சொல்லி நடக்கிறது இப்ப இந்த டிவி ஒண்ணுதான். அதையும் பிடுங்காதே. உன் நம்பரை மாத்த முடியும்னா மாத்து. அவளா வந்து போட்டுவிடுவா."

"தொடர் எடுத்த கம்பெனி அப்பீல் பண்ணினா மாத்தலாம்பா. ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரம்," என்றார். கூரையைப் பார்த்தபடி, எத்தனை மாடிக்கு எத்தனை அடி கம்பி வேண்டும் என்று கணக்குப் போடும்போது உதடு அசையுமே, அதேபோல உதடு அசைந்தது. "சரி, அந்தப் பக்கம் இன்னும் வழி. கழுத்துல விட்டுட்டே பாரு."

அதன்பிறகு ஐந்து மணிக்கு ஏழு வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கத் தகுந்த ஒரு முயல் தொடர் ஓடியது. முயல் நல்லது செய்யும். எபிசோட் முடிவில் கற்றுக்கொண்டது என்ன என்று ஒரு ஆந்தை கேட்கும். அப்பா ஒருநாள், "இந்த ஆந்தைக்கு எத்தனை கோடு போட்டே?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்த அறையிலிருந்து வேடிக்கை எதுவும் வரவில்லை. இருமலும் குறைந்தது. பார்த்தாயா, நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

பூட்டுப் போட்ட முப்பத்து மூன்றாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அப்பா இறந்தார். தங்கை பரீட்சை ஹாலில் இருந்தாள். அம்மா அப்போதும் "முடிச்சுட்டு வரட்டும்" என்றாள். கடைசித் தாளையும் திருப்பிப் பார்த்து, கூடுதல் தாளுக்கு நூல் கட்டிவிட்டுத்தான் தங்கை வீட்டுக்கு வந்தாள்.

கம்பெனியின் அப்பீல் அடுத்த மாதம் வந்தது. அப்பீல் என்றால் மட்டும் முழுத்திரையிடல்: படமும் சத்தமும் சேர்த்து, எல்லோரும் ஒரே அறையில். அந்த வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து அன்றைக்குத்தான் ஒரு தொடரை முழுசாகப் பார்த்தேன்.

ஐந்தாவது எபிசோட். பெரியவர் படுத்த இடத்திலேயே பதினொரு வருடம். பிள்ளைகள் அவருக்கு வலிக்கும் என்று பயந்து தொடவே மாட்டார்கள். ஒருநாள் அவர் கெஞ்சுகிறார்: "ஒரே ஒரு தடவை தள்ளி விடுங்கடா. உலகம்தான் முடிஞ்சுபோச்சு. சறுக்கல் அப்படியேதானே இருக்கு!" பிள்ளைகள் அழுதுகொண்டே கட்டுகிறார்கள். விழுந்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் கயிறு. வண்டி கிளம்புகிறது. குகைபோலத் திறந்த அந்த வாயிலிருந்து வந்தது ஒரு கெக்கலிப்பு. குப்புற விழுந்த பெரியவர், முகமெல்லாம் சாம்பலோடு, தலையைத் தூக்கிச் சொல்கிறார்: "இன்னொரு தடவை."

அதை ஒன்பது தடவை சொல்கிறார். என் கோடு ஒவ்வொன்றும் ஓர் 'இன்னொரு தடவை'.

அறையே சிரித்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. நன்றாக எடுத்திருந்தார்கள். காது அக்கா மட்டும் ஏற்கெனவே கேட்டவர் என்பதால் சிரிக்காமல், திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண் பதின்மூன்று ஆனது. "உன் எண்ணிக்கையில குத்தம் சொல்ல முடியாதுப்பா," என்று மேனேஜர் என் தோளில் தட்டினார். "ஒன்பது சரியாத்தான் இருக்கு."

வீட்டில் நான் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அம்மா அந்த நாட்களில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்: எது எது எப்போது கொடுக்க வேண்டுமோ கொடுத்தோம், எதை நிறுத்த வேண்டுமோ நிறுத்தினோம், நம் பக்கம் தவறில்லை. யார் வந்தாலும் அதையே சொன்னாள். மாத்திரை, நேரம், சாப்பாடு, தூக்கம், டிவி. அந்தப் பட்டியலில் டிவியும் இருந்தது. "பையனைக் கேட்டு, அவன் ஆபீஸ் நம்பர்படிதான் அதையும் நிறுத்தினேன்," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை என்னை அப்பா அறைக்குக் கூப்பிட்டாள். கட்டிலைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் தொடர்களின் பட்டியல். 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் முதல் படம் அந்தக் குப்பைத்தொட்டி. எபிசோட் எட்டு. மூலையில் சின்னதாகப் பதின்மூன்று.

"இது எப்ப மாறிச்சு?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"ஏன்?"

சொன்னேன். பேனா என் கையில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நாலு மாசம்னு நான் சொன்னப்போ, உங்க எல்லாருக்கும் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்பாவுக்கும்?"

"அவருக்கும்."

"அப்புறம் எதுக்குடா பிராமிஸ் பண்ணாரு?"

சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. தங்கை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லப்போறியா?"

"இல்ல."

"நானும் சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சுக்காதே. உனக்காக இல்ல."

"புரியுது."

"ஒரு மண்ணும் புரியாது உனக்கு. இதை எடுத்துடு. அம்மா எப்பவாவது டிவி போட்டா இந்த நம்பர் கண்ணுல படும். அவங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க."

"மிச்சம் மூணு எபிசோட்? பாத்துட்டு எடுத்துடலாமே. இப்ப நீ பாக்கலாம்."

"பாத்தா சிரிப்பேன்," என்றாள். "சிரிச்சா என்னன்னு கேட்டு அம்மா வருவாங்க."

ரிமோட்டை எடுத்தேன். பட்டியலிலிருந்து நீக்கவா என்று திரை கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். என் விரல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தவள், கையை நீட்டி என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கி, தானே அமுக்கினாள். குப்பைத்தொட்டி போனது. அந்த இடத்துக்கு முயல் வந்து நின்றது.